கிழங்கை அறிந்து உண்போம்

(தோட்டக் குடியிருப்பு மக்களுக்கு ஆற்றிய உரை)

 

நம் மக்கள் எங்குக் குடியிருந்தாலும் வீட்டைச் சுற்றிச் சிறிது மண் கிடைத்தால் அதனைச் சும்மா விடுவதில்லை. ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, நான்கு மிளகாய்ச் செடி, வேலியோரம் ஒரு வாழை என ஏதேனும் ஒன்றை நட்டுவிடுகின்றனர். பால் மரத்தை நம்பி வாழும் குடும்பத்திற்கு இந்தச் சிறு தோட்டம் பெருந்துணை. மழைக்காலத்தில் வேலை நாட்கள் குறையும்போதும், பாலின் விலை இறங்கும்போதும், கடையில் வாங்கும் காய்கறியின் அளவைக் குறைத்துக்கொள்ள உதவுவது இதுவே. 1974ஆம் ஆண்டில் நமது நாட்டில் பசுமைப் புத்தகத் திட்டம் தொடங்கப்பட்டபோது, வீட்டு மண்ணில் உணவுப் பயிரிடுக என்று மக்களை ஊக்குவித்ததும் இக்காரணம் பற்றியே.

இந்த மண்ணைக் கொத்தும்பொழுது, நாம் நடாத ஒன்று சில வேளைகளில் மண்வெட்டியில் தட்டுப்படுகிறது. உருண்டையாக ஒரு கிழங்கு. அல்லது வெங்காயம் போன்ற ஒரு குமிழ். அல்லது விரல்விரலாகப் பிரிந்த ஒரு வேர்த்தொகுதி. "இது என்ன கிழங்கு? உண்ணலாமா, கூடாதா?" என்ற கேள்வி உடனே எழுகிறது. சிலர் அஞ்சி எறிந்துவிடுகின்றனர். அதனால் நல்ல உணவு வீணாகிறது. சிலர் வேகவைத்துப் பார்க்கின்றனர். அதனால் சில வேளைகளில் உயிரே போகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அறிவுடைய வழி ஒன்று உண்டு. அதனைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறோம்.

நாம் சொல்ல வந்ததன் சாரம் இதுதான்: கிழங்கை மட்டும் பார்த்துச் செடியை அறிய இயலாது, செடியைப் பார்த்தே கிழங்கை அறிதல் வேண்டும்.

நடாத கிழங்கு எங்கிருந்து வருகிறது?

மண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. நாம் இன்று குடியிருக்கும் வீட்டில் நமக்கு முன்னர் வேறு குடும்பங்கள் வாழ்ந்திருக்கலாம். அவர்கள் நட்ட சேம்பும் வள்ளியும் மஞ்சளும் அவர்கள் போன பின்னரும் மண்ணுக்குள் உறங்கியிருந்து, மழை கண்டதும் முளைக்கின்றன. அழகுக்காக வளர்த்த பூஞ்செடிகளின் குமிழ்கள், குப்பையோடு கொட்டப்பட்டு, கொட்டிய இடத்திலேயே வேரூன்றுகின்றன. காட்டோரத்துத் தோட்டங்களில் காட்டுக் கொடிகள் நம் வேலிவரை படர்ந்து வருகின்றன. மேடு நிரப்பக் கொண்டுவரும் மண்ணிலும் கிழங்குத் துண்டுகள் கலந்து வருவதுண்டு.

இன்னொரு காரணமும் உண்டு. 1942 முதல் 1945 வரை இந்நாடு ஜப்பானியர் ஆட்சியின் கீழ் இருந்தபோது அரிசி கிடைப்பது அரிதாயிற்று. போருக்கு முன் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியை பர்மா, தாய்லாந்து முதலிய நாடுகளிலிருந்து தருவித்து வந்தது. அவ்வரவு தடைப்பட்டதும் தோட்டத்து மக்கள் மரவள்ளியையும் சர்க்கரைவள்ளியையும் நட்டு உயிர் காத்தனர். எந்தக் கிழங்கை எப்படி உண்ணவேண்டும் என்பதை அத்தலைமுறையினர் பசியின் மூலமாகக் கற்றனர். அவர்களுள் பெரும்பாலோர் இன்று நம்மிடையே இல்லை. அவர்கள் அறிந்திருந்ததை நாம் எழுத்தின் வாயிலாகவேனும் காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் செய்யவேண்டியவை

தெரியாத கிழங்கு கிடைத்தால் அதனை எறியவும் வேண்டாம். சமையலறைக்குக் கொண்டு போகவும் வேண்டாம். பின்வரும் முறையைக் கைக்கொள்ளுங்கள்.

முதலாவது, கிடைத்த இடத்தைக் கவனியுங்கள். எவ்வளவு ஆழத்தில் இருந்தது, தனியாக இருந்ததா கொத்தாக இருந்ததா, அருகில் எந்தத் தண்டு அல்லது காய்ந்த கொடி நின்றது என்பவற்றை நினைவில் கொள்ளுங்கள். கிழங்கைத் தண்டிலிருந்து ஒடித்துவிடாமல், முடிந்தவரை முழுச் செடியாகவே தோண்டி எடுங்கள்.

இரண்டாவது, ஒரு கிழங்கைச் சமையலுக்குப் பயன்படாத பழைய கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெங்காயம்போல் அடுக்கடுக்காக இருந்தால் அது குமிழ். உள்ளே ஒரே கட்டியாக இருந்தால் அது கிழங்கு. இஞ்சிபோல் கணுக்கணுவாக இருந்து மணம் வீசினால் அது இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும். வெட்டிய பின் கையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அரிப்பு உண்டாக்கும் வகைகள் பல இருப்பதால், கையில் ஒரு நெகிழிப் பையை மாட்டிக்கொள்வது நலம்.

மூன்றாவது, மற்றொரு கிழங்கை ஒரு பழைய தகர டப்பாவிலோ வாளியிலோ நட்டு, "உண்ணற்க" என்று எழுதி, குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சில வாரங்களில் இலை வரும். இலை வந்துவிட்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். பூவும் வந்துவிட்டால் பெரும்பாலும் முழு விடையும் கிடைத்துவிடும்.

நான்காவது, இலை, தண்டு, கிழங்கு ஆகிய மூன்றையும் ஒன்றாக எடுத்துச் சென்று, அறிந்த பெரியவரிடமோ மாவட்ட விவசாய அலுவலகத்திலோ காட்டுங்கள். அண்டை கம்பத்து மலாய்ப் பெரியவர்களும், காட்டோரத்தில் வாழும் ஓராங் அஸ்லி மக்களும் இவற்றைப் பற்றி ஆழ்ந்த அறிவு உடையவர்கள். அறிந்தவர் இருவரேனும் ஒரே பெயரைச் சொல்லும்வரை அக்கிழங்கு நமக்கு அறியாத கிழங்கே ஆகும்.

மூன்று இலையுள்ள முட்கொடி

நம் நாட்டில் கிழங்குகளுள் மிக அஞ்சத்தக்கது, மலாய் மொழியில் ஊபி காடோங் என வழங்கும் காட்டு வள்ளி. காடோரங்களிலும் புதர்களிலும் இது படர்கிறது. இதன் கிழங்கு உருண்டையாக, மேல்மண்ணிலேயே, வேர்மயிர் மூடி இருக்கும். தோல் வெளிறிய பழுப்பு. உட்சதை வெண்மை அல்லது இளமஞ்சள். தோண்டியவுடன் பார்ப்பவர்க்கு நல்ல வள்ளிக்கிழங்கு போலவே தோன்றும். எளிதாகவும் அகப்படும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஆனால் இதன் இலை ஏமாற்றாது. பால் மரத்தின் இலை எப்படி ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகளாக அமைந்திருக்கிறதோ, அப்படியே காடோங் கொடியிலும் மூன்று சிற்றிலைகள் இருக்கும். கொடித்தண்டில் முட்கள் இருக்கும். நாள்தோறும் பால் மரத்தின் கீழ் நிற்கும் நமக்கு இந்த அடையாளத்தை நினைவில் வைப்பது கடினமன்று. முள்ளும் மூவிலையும் சேர்ந்த வள்ளிக்கொடியைக் கண்டால் கிழங்கில் கை வைக்கக்கூடாது.

காடோங் கிழங்கில் தயோஸ்கொரின் என்னும் நஞ்சு இருக்கிறது. உண்டவர்க்கு வாயும் தொண்டையும் எரியும், தலை சுற்றும், வாந்தி வரும், மிகுந்தால் வலிப்பும் உயிரிழப்பும் நேரும். கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் இக்கிழங்கை உண்கிறார்களே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். அவர்கள் கிழங்கை மெல்லிய வில்லைகளாகச் சீவி, உப்பிட்டு, ஓடும் நீரிலோ அடிக்கடி மாற்றும் நீரிலோ பல நாட்கள் ஊறவைத்து, நஞ்சு முழுதும் நீங்கிய பின்னரே வேகவைத்துத் தேங்காய்ப்பூவுடன் உண்கின்றனர். தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தால் வந்த அறிவு அது. கேள்விப்பட்டதை வைத்து நாம் செய்து பார்க்கத்தக்கதன்று.

இங்கு ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். செங்குவாங் கொடிக்கும் மூன்று சிற்றிலைகளே. ஆனால் அதில் முள் இல்லை. அவரைபோல் பூவும் காயும் உண்டு. அதன் கிழங்கைப் பச்சையாகவே உண்கிறோம். எனினும் அதே கொடியின் விதையும் முற்றிய காயும் நஞ்சு. கிழங்கு நல்லதாயின் காயும் நல்லதாயிருக்கும் என்று எண்ணி, அவரைக்காய்போல் சமைத்துவிடக் கூடாது.

நல்ல வள்ளிகள்

வள்ளிக் குடும்பத்தில் நமக்கு நண்பர்களும் உண்டு. பெருவள்ளிக் கொடியின் தண்டு நான்கு பட்டையாக, ஓரங்களில் மெல்லிய இறக்கை போன்ற விளிம்புடன் இருக்கும். இலை ஒன்றை ஒன்று எதிர்நோக்கி இரண்டிரண்டாக, இதய வடிவில் அமையும். கிழங்கின் உட்புறம் வெண்மையாகவோ ஊதாவாகவோ இருக்கும். சிறுவள்ளியின் தண்டு உருண்டை. அடித்தண்டில் முள் உண்டு. இலை தனித்தனியாக, ஏறத்தாழ வட்டமாக இருக்கும். கிழங்குகள் கொத்தாக விழும். இவ்விரண்டும் வேகவைத்தால் நல்ல உணவு.

சிறுவள்ளியிலும் முள் உண்டு, காடோங்கிலும் முள் உண்டு என்பதைக் கவனியுங்கள். முள்ளை மட்டும் பார்த்தால் குழப்பம் நேரும். இலையையும் சேர்த்துப் பார்த்தால் குழப்பம் தீரும். செடியின் ஓர் உறுப்பை மட்டும் வைத்து முடிவு செய்யலாகாது என்பதற்கு இதுவே சான்று.

கொடியின் இலைக்கக்கங்களில் சிறு உருளைக்கிழங்கு போன்ற காய்கள் தொங்கினால், அது காய்வள்ளியாக இருக்கக்கூடும். காட்டில் தானாக வளரும் காய்வள்ளி கசப்பும் நஞ்சும் உடையது. கீழே விழுந்த காயைக் குழந்தைகள் விளையாட எடுப்பதுண்டு. எனவே வேலியில் படர விடாதீர்கள்.

சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக 1912 முதல் 1925 வரை பணியாற்றிய பர்க்கில் என்னும் அறிஞர், அப்பூங்காவிலேயே பல வள்ளி வகைகளை நட்டு ஆராய்ந்தார். மலாயாவின் பயன்தரு பொருள்கள் பற்றி அவர் 1935இல் வெளியிட்ட பேரகராதி இன்றும் ஆய்வாளர்க்குத் துணையாக இருக்கிறது. அத்தகைய அறிஞரும் கொடியை வளர்த்து, இலையையும் தண்டையும் ஒப்பிட்டே கிழங்கை வகைப்படுத்தினார். நாம் தகர டப்பாவில் செய்யச் சொல்வதும் அதுவே.

மரவள்ளி: அறிந்த கிழங்கிலும் கவனம்

மரவள்ளியை அறியாதார் நம்மில் எவரும் இலர். எனினும், தானாக முளைத்த மரவள்ளி எவ்வகையைச் சேர்ந்தது என்பதை அறிந்தவர் சிலரே. மரவள்ளியும் பால் மரமும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. ஒரு வேதிப்பொருளும் இரண்டுக்கும் பொதுவாக உண்டு. பால் மரக்கொட்டையைப் பச்சையாக உண்ணக் கூடாது என்று பெரியவர்கள் தடுப்பதன் காரணமும், மரவள்ளியைப் பச்சையாக உண்ணக் கூடாது என்பதன் காரணமும் ஒன்றே.

மரவள்ளிக் கிழங்கில் லினமரின் என்னும் பொருள் இருக்கிறது. கிழங்கை வெட்டும்போதோ துருவும்போதோ அது கிழங்கிலேயே உள்ள மற்றொரு பொருளுடன் கலந்து சயனைடு நஞ்சை வெளிவிடுகிறது. உணவுக்கான அனைத்துலகத் தரவிதிப்படி, ஒரு கிலோ பச்சைக் கிழங்கில் இந்நஞ்சு 50 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் அது இனிப்பு வகை. மிகுந்தால் கசப்பு வகை. இனிப்பு வகையிலும் தோலில் நஞ்சு மிகுதி.

ஆதலின் தோலைத் தடிப்பாக உரித்து, கிழங்கைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நீரில் ஊறவைத்து, நிறைய நீர் விட்டு, மூடாத பாத்திரத்தில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட வேண்டும். இந்நஞ்சு எளிதில் ஆவியாவது. பாத்திரத்தைத் திறந்து வைப்பதன் காரணம் அதுவே. சுடுவதாயினும், முழுக் கிழங்கைத் தோலோடு நெருப்பிலிட்டு அரைவேக்காட்டில் உண்ணும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கசக்கும் கிழங்கைத் துப்பிவிட்டு, பானையிலுள்ளதையும் கொட்டிவிடுங்கள்.

சர்க்கரைவள்ளியைப் பற்றியும் ஒரு சொல். நல்ல கிழங்கை வெட்டினால் வெண்பால் கசியும். அதனைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் வண்டு துளைத்தோ பூஞ்சணம் பற்றியோ கறுத்துப்போன கிழங்கில் கசப்பான நச்சுப்பொருள் உண்டாகிறது. அது வேகவைத்தாலும் போவதில்லை. கெட்ட பகுதியை வெட்டிவிட்டு மீதியை உண்ணலாம் என்று எண்ணாமல், அப்படிப்பட்ட கிழங்கை ஒதுக்கிவிடுங்கள்.

சேம்பும் அதன் உறவினரும்

ஓடையோரங்களிலும் குளியலறை நீர் ஓடும் கால்வாயருகிலும் அகன்ற இலையோடு வளரும் கெலாடி வகைகள் பலவாகும். உண்ணத்தக்க சேம்பின் இலைக்காம்பு, இலையின் பிளவில் சேராமல், சற்று உள்ளே தள்ளி இலையின் அடிப்பரப்பில் பொருந்தியிருக்கும். இலையின் நுனி கீழ்நோக்கித் தொங்கும். பீரா எனப்படும் பெருஞ்செடியில் காம்பு பிளவை ஒட்டிச் சேரும். இலை நுனி மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். பீரா உண்ணத்தக்கதன்று என்று கொள்வதே பாதுகாப்பு.

ஆயினும் இவ்வடையாளம் மட்டும் போதாது. அழகுக்கு வளர்க்கும் வண்ணக் கெலாடியிலும் காம்பு உள்ளே தள்ளியே இருக்கும். இலையில் சிவப்பு, வெள்ளை, இளஞ்சிவப்புப் புள்ளிகள் உள்ள அச்செடியின் கிழங்கை உண்ணக் கூடாது. நல்ல சேம்பிலும்கூட ஊசி போன்ற நுண்படிகங்கள் இருக்கின்றன. அவையே நாவிலும் தொண்டையிலும் குத்தி அரிப்பை உண்டாக்குகின்றன. நன்றாக வேகவைத்துப் புளி சேர்த்துச் சமைக்கும் நம் பாட்டிமார் பழக்கம் பொருளற்றதன்று.

ஓரிடத்தில் இலை ஏதுமின்றி, ஊதாநிறப் பெரும் பூ ஒன்று மண்ணிலிருந்து எழுந்து அழுகிய நாற்றம் வீசினால் அஞ்சாதீர்கள். அது சேனைக்கிழங்கின் பூவாக இருக்கலாம். பூ வாடிய பின்னர், பாம்பின் உடல்போல் புள்ளியிட்ட ஒற்றைத் தண்டில் குடைபோன்ற ஓர் இலை விரியும். வீட்டில் நட்ட சேனை நல்ல உணவு. காட்டில் தானாக வளர்வது கடும் அரிப்புடையது. அதன் இனங்களும் பல. அறிந்தவர் சொல்லாமல் அதனைச் சமைக்கலாகாது.

ஈரமான இடங்களில் கெலாடி தீக்குஸ் என்னும் சிறுசெடியும் முளைக்கிறது. அதனைப் புற்றுநோய்க்கு மருந்து என்று சொல்லித் தேடுவோர் உண்டு. அதனைப் போலவே தோன்றும் வேறு செடிகளும் உண்டு. மாற்றி எடுத்தால் துன்பமே. நோயுற்றோர் மருத்துவமனைச் சிகிச்சையை விட்டுவிட்டுக் கிழங்கை நம்பி நாள் கடத்துவது உயிருக்கே கேடு.

பூவழகும் நஞ்சும்

கார்த்திகைப் பூ என்றும் செங்காந்தள் என்றும் நாம் போற்றும் மலர் தமிழ்நாட்டின் மாநில மலர். சிவப்பும் மஞ்சளுமாய்ச் சுடர்போல் எரியும் அதன் அழகுக்கு நிகரில்லை. ஆனால் அதன் கிழங்கு கொடிய நஞ்சு. கலப்பைபோல் வளைந்து இரு கிளையாக இருப்பதால் அதனைக் கலப்பைக் கிழங்கு என்பர். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி வேலியைப் பிடித்துக்கொள்வது இதன் தனி அடையாளம். சர்க்கரைவள்ளி என்றோ வள்ளி என்றோ மயங்கி இதனை உண்டு இறந்தோர் இலங்கையில் உண்டு. உண்டவுடன் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்தே வாந்தியும் பேதியும் தொடங்கும். பின்னர் உடலின் உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகத் தளரும். கொதிக்கவைத்தாலும் இந்நஞ்சு அழிவதில்லை.

அந்திமந்தாரைச் செடி நம் வீடுகளில் மிகுதி. மாலையில் பூக்கும் அச்செடியின் அடியில், கருந்தோலுடைய பருத்த வேர்க்கிழங்கு ஒன்று வளர்கிறது. செடி பட்டுப்போன பின் அதனைத் தோண்டியவர் முள்ளங்கியோ வேறு கிழங்கோ என மயங்கக்கூடும். அதன் வேரும் கருமிளகு போன்ற விதையும் வாந்தி பேதியை உண்டாக்குவன.

அடுக்குக் குமிழ்களுக்கு வருவோம். வேலியோரம் வெண்ணிறப் பூக்கொத்துடன் நிற்கும் பாக்கோங் என்னும் விஷமூங்கில், சிலந்திக் கால்போல் இதழ் விரியும் வெள்ளை லில்லி, மழைக்குப் பின் திடீரெனப் பூக்கும் சிறு லில்லிகள் ஆகிய இவற்றின் குமிழ்கள் வெங்காயம் போலவே இருக்கும். இவை யாவும் நஞ்சுடையவை. இலையையோ குமிழையோ கசக்கி முகர்ந்தால் வெங்காய மணமோ பூண்டு மணமோ இல்லையெனில் அது வெங்காயம் அன்று என்று உறுதியாகக் கொள்ளலாம். வெங்காயத்தையும் இக்குமிழ்களையும் ஒரே கூடையில் வைக்கவே கூடாது.

தீங்கு குறைந்தவை

தெரியாதவை யாவும் நஞ்சு என்று கலங்க வேண்டுவதில்லை. புல்லைப் பிடுங்கும்போது நூல்போன்ற வேரில் கோர்த்த மணிகளாக வரும் சிறு கருங்கிழங்குகள் கோரைக் கிழங்குகளே. முப்பட்டையான தண்டு அதன் அடையாளம். அவை உணவும் அல்ல, பெருந்தீங்கும் அல்ல, களை மட்டுமே.

தரையோடு தரையாக இலை பரப்பி, வெள்ளைப் பூவில் ஊதாப் புள்ளி தாங்கியது செக்கூர் என்னும் கச்சோலம். உயரமாக வளர்ந்து, கிழங்கு கடினமாகவும் காரமணத்துடனும் இருப்பது லெங்குவாஸ் என்னும் பேரரத்தை. மஞ்சள் போன்ற இலையுடன், வெட்டினால் உள்ளே நீலம் பாரித்திருப்பது தெமு ஹித்தாம். ஆயினும் மணமுள்ள கிழங்கெல்லாம் சமையலுக்கு உரியதன்று. பெயர் அறிந்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

நம்பத் தகாத சோதனைகள்

"காட்டுப்பன்றி தின்றது, எனவே மனிதனும் தின்னலாம்" என்பர். விலங்கின் குடல் வேறு, மனிதனின் குடல் வேறு. "வெள்ளிக்காசு கறுக்கவில்லை, எனவே நஞ்சில்லை" என்பர். கிழங்கு நஞ்சுகள் வெள்ளியைக் கறுக்கச் செய்வதில்லை. "வேகவைத்தால் எல்லா நஞ்சும் போய்விடும்" என்பர். அது பொய் என்பதற்குக் கார்த்திகைக் கிழங்கே சான்று. "சிறிது சுவைத்துப் பார்ப்போம்" என்பர். சில மணி நேரம் கழித்து வேலை செய்யும் நஞ்சை நாக்கு எப்படி அறியும்?

நஞ்சு என ஐயம் எழுந்தால்

கிழங்கு உண்டபின் வாந்தி, தலைசுற்றல், மூச்சுத்திணறல், மயக்கம், வலிப்பு ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அல்லது 999 என்ற எண்ணுக்குத் தொடர்பு கொள்ளுங்கள். உப்புநீர் கொடுத்தோ தொண்டையில் விரலிட்டோ வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். மயங்கியவர் வாயில் எதனையும் ஊற்றாதீர்கள். எஞ்சிய கிழங்கு, தோல், இலை, சமைத்த உணவு எதுவாயினும் ஒரு பையிலிட்டு உடன் எடுத்துச் செல்லுங்கள். எப்போது, எவ்வளவு உண்டார் என்பதைச் சொல்லுங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நஞ்சு மையம் மருத்துவர்களுக்கு அறிவுரை வழங்குகிறது. கிழங்கின் பெயர் தெரிந்தால் அவ்வறிவுரை விரைவில் கிட்டும்.

அதே கிழங்கை உண்ட மற்றவர்க்கு ஒன்றும் நேரவில்லை என்றாலும், அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒரு பானையில் சமைத்ததைக் குடும்பமே உண்டிருக்கும். குழந்தையின் உடல் சிறிது. எனவே அதே அளவு நஞ்சு குழந்தையை முதலில் வீழ்த்தும்.

தோழர்களே!

மண்ணில் கிடைப்பதை எல்லாம் அஞ்சி ஒதுக்குவது நம் நோக்கமன்று. கிழங்கு ஏழையின் அரிசி. பருப்பும் மீனும் கீரையும் சேர்த்து உண்டால் அது நிறைவான உணவுமாகும். ஆனால் பெயர் தெரியாத கிழங்கு விருந்தாளி போன்றதன்று. முகம் காட்டாமல் கதவைத் தட்டும் அயலார் போன்றது. முகத்தைப் பார்த்து, ஊரையும் பேரையும் கேட்ட பின்னரே வீட்டினுள் அழைக்கிறோம் அல்லவா? கிழங்குக்கு முகம் அதன் இலை.

ஆதலின் ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு சிறு பாத்தி ஒதுக்குவோம். பெருவள்ளி, சிறுவள்ளி, சேம்பு, சேனை, மஞ்சள், செக்கூர் ஆகியவற்றைப் பெயர் எழுதி நடுவோம். நம் பிள்ளைகளை அங்கு அழைத்துச் சென்று, இலையைத் தொட்டுக் காட்டி, பெயரைச் சொல்லிக் கொடுப்போம். முதியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கும் குடியிருப்புகளில் அவர்களையே ஆசிரியராக்குவோம். நல்லதை அறிந்த கண், கெட்டதைக் கண்டவுடன் வேறுபாட்டை உணரும். அவ்வறிவு நம் அடுத்த தலைமுறையின் உயிரைக் காக்கும்.